காற்றறிந்து மலையேறுவோம்

தீவகத்தில் வாழும் நமக்கு மலை என்பது பழக்கமில்லாத பொருள். நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை எங்கும் தரை சமதரை. பனையும் கோவிற் கோபுரமுமே நாம் அண்ணாந்து பார்க்கும் உயரங்கள். ஆயினும் நம்மவர் பலர் சிவனொளிபாத மலைக்கு யாத்திரை செல்கின்றனர். இளைஞர்களோ மலைநாட்டுச் சிகரங்கள் பலவற்றையும் ஏறிப் பார்க்க விரும்புகின்றனர். புறப்படுமுன் செலவு, தங்குமிடம், உணவு ஆகியவற்றையெல்லாம் எண்ணுகின்றோம். பருவத்தை மட்டும் எண்ணுவதில்லை. விடுமுறை கிடைத்த நாளே நல்ல நாள் என்று கிளம்பிவிடுகின்றோம். குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறக் காற்றுப் பார்க்கும் நாம், மலையேறவும் அதே காற்றைப் பார்த்தால் போதும்.

நம் கடலை ஆளுகின்ற காற்றுகளுள் தலையாயவை இரண்டு. தென்மேற்கிலிருந்து வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசுவது சோளகம். வடகிழக்கிலிருந்து மார்கழி, தை மாதங்களில் வீசுவது வாடை. சோளகம் நமக்கு அலையைத் தருமேயன்றி மழையைப் பெரிதாகத் தருவதில்லை. ஈரக்காற்று மேலே உயர்ந்து குளிர்ந்தாலன்றி மழையாகாது. நம் சமதரையில் அதனை உயர்த்திவிட ஒரு மேடுமில்லை. அதே சோளகம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதும்போது மேலெழுந்து குளிர்ந்து அடைமழையாகக் கொட்டுகின்றது. வட்டவளைப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வதற்கு இதுவே காரணம். ஆகவே நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு அலைகளினூடே படகுகள் செல்லும் ஆனி மாதத்தில், சிவனொளிபாதம் முகில்களுக்குள் மறைந்து கிடக்கும்.

2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலையின் யாத்திரைக் காலம் மார்கழிப் பூரணையில் தொடங்கி வெசாக் பூரணையோடு முடிகின்றது. பௌத்தர், சைவர், முஸ்லிம்கள், கிறித்தவர் எனப் பலரும் போற்றும் தலத்திற்கு இக்காலத்தை வகுத்தது காற்றேயாம். இக்காலத்தில் நல்லதண்ணியிலிருந்து ஏறும் பாதையில் விளக்குகள் எரியும். தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். துணைக்கு ஆட்கள் இருப்பர். காலம் கடந்து சென்றால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை இருளிலும் வழுக்கலிலும் தனியே ஏறவேண்டும், அட்டைக்கடி வேறு. 1344ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் உதவியோடு இம்மலைக்குச் சென்ற அரபு யாத்திரிகர் இபின் பதூதாவும், அட்டைகளையும் அவற்றை விலக்க மக்கள் எலுமிச்சை வைத்திருந்ததையும் எழுதிவைத்துள்ளார்.

யாத்திரைக் காலத்துள்ளும் நாள் தேர்ந்துகொள்ளல் நன்று. மார்கழியில் வாடையின் மழை மலைநாட்டையும் எட்டிப் பார்க்கும். சித்திரையிலோ பிற்பகல்களில் இடியும் மழையும் திடீரென வரும். தை நடுப்பகுதி முதல் பங்குனி நடுப்பகுதி வரையே வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். அதிகாலையில் உச்சியை அடைந்து கதிரவன் உதிப்பதைக் காணவும், மலையின் முக்கோண நிழல் மேற்கே விழுவதைக் காணவும் இதுவே தக்க சமயம். முதியோரையும் சிறுவரையும் அழைத்துச் செல்வோர் பூரணை நாளையும் வாரக் கடைசியையும் தவிர்த்தால் நெரிசலுக்குத் தப்பலாம்.

ஆவணியில் மட்டுமே விடுமுறை கிடைப்போர் மனந்தளர வேண்டியதில்லை. மேற்குச் சரிவில் நீரை இறக்கிவிட்டு வரும் சோளகம், மலையைக் கடந்து கிழக்கே ஊவாவில் உலர்காற்றாக இறங்குகின்றது. பதுளை, பண்டாரவளை, எல்ல ஆகிய பகுதிகளில் ஆனி முதல் ஆவணி வரை மழை குறைவு. நல்லூர்த் திருவிழா நடக்கும் அந்நாள்களில் எல்லப் பாறைக்கும் 2,036 மீற்றர் உயரமான நமுனுகுல மலைக்கும் செல்லலாம். காற்று மட்டும் பலமாக வீசும்.

எம்மலைக்கும் ஆகாத காலம் ஐப்பசியும் கார்த்திகையுமே. அப்போது மண் நீரூறி இளகியிருக்கும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன்களைப் புதைத்த துயரம் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நிகழ்ந்தது. அங்கேயே வாழ்ந்தோர்க்கு அக்கதியெனின், வழியறியாது செல்வோர் எம்மாத்திரம்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் நாள்களில் பயணத்தை நிறுத்திவிடுவதே அறிவுடைமை.

மழையில்லாக் காலமெல்லாம் பத்திரமான காலம் என்றும் எண்ணலாகாது. தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11ஆம் திகதி காய்ந்த புல்லில் பற்றிய தீ, மலையேறச் சென்ற இருபதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. நெடுங்கோடையில் புல்வெளிச் சரிவுகளை விலக்க வேண்டும். அனுமதியில்லாப் பாதையில் அடியெடுத்து வைக்கலாகாது.

உலகின் மிகவுயர்ந்த சிகரத்துக்கும் இதே நியதிதான். தென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட்டில் கால்வைத்தது 1953 மே 29ஆம் திகதி. உச்சியை அறையும் மேலைக்காற்றுத் தணிந்து, தென்மேற்குப் பருவமழை இமயத்தை எட்டுமுன் கிடைக்கும் சிறு இடைவேளை அது. நம் சோளகத்தின் உடன்பிறப்பு அங்கு வந்து சேருமுன் அவர்கள் ஏறி இறங்கிவிட்டனர்.

பருவம் அமைந்தபின் கவனிக்க வேண்டியவை சிலவே. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை குளிர் கூடும். சிவனொளிபாத உச்சி நம் கடற்கரையினும் 13 பாகை குளிர்ந்தது. வெப்பத்தில் வாழ்ந்த உடம்புக்குக் கம்பளிக் குல்லாயும் மாற்றுடையும் இன்றியமையாதன. நனைந்த பருத்தியுடையோடு உச்சியில் நிற்பது நோயை விலைகொடுத்து வாங்குவதாகும். நெஞ்சு நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே புறப்படல் வேண்டும். ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் காலை ஒன்பது மணிக்குள் உலகமுடிவை அடைதல் நன்று. அதன்பின் பள்ளத்திலிருந்து முகில் எழுந்து காட்சியை மறைத்துவிடும்.

காற்று மாறிய நாளில் படகைக் கரையிற் கட்டிவைக்கும் ஓட்டியை நாம் கோழையென்பதில்லை. அனுபவசாலி என்றே மதிக்கின்றோம். முகில் கவிந்த நாளில் அடிவாரத்திலிருந்து திரும்பிவரும் யாத்திரிகரையும் அவ்வாறே மதிக்கப் பழகுவோமாக. மலை அடுத்த தையிலும் அங்கேதான் இருக்கும்.