புலம்பெயர் நகரத்தார் மாணவரும் உயர்நிலைப்பள்ளித் தமிழ்ப் பாடத் தேர்வும்: சிங்கப்பூரை முன்வைத்து

காரைக்குடி வட்டார நேமத்தான்பட்டி போன்ற நகரத்தார் ஊர்களிலிருந்து 'கொண்டுவிக்க'க் கடல் கடந்தவர்கள், சிங்கப்பூரின் டாங்க் சாலையில் 1859ஆம் ஆண்டிலேயே தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினர். இன்று அங்கு உயர்நிலைப்பள்ளியில் பயிலும் அம்மரபினர் எந்நிலைத் தமிழ்ப் பாடத்தைத் தேர்வது பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பள்ளிமொழி அல்லாத ஒரு மொழியை வீட்டில் கேட்டு வளர்ந்து, அதனைப் பேசவோ புரிந்துகொள்ளவோ வல்லவரை 'மரபுமொழி மாணவர்' என்பர். குவாதலூப் வால்டேஸ் தரும் இவ்விளக்கத்தில் எழுத்தறிவு நிபந்தனையன்று. சிக்கல் தொடங்குமிடம் இதுவே.

சிங்கப்பூரில் உயர்தமிழ், தமிழ், எளிமையாக்கப்பட்ட தமிழ் 'பி' ஆகிய பாடநிலைகள் உள்ளன. உயர்தமிழில் தேறியவர் புகுமுக வகுப்பில் மீண்டும் தாய்மொழிப் பாடம் பயில வேண்டுவதில்லை. எனவே பெற்றோர் மதிப்பெண்ணை முன்னிறுத்துவது இயல்பே. ஆயினும் மதிப்பெண் பல திறன்களின் கூட்டுத்தொகை. அப்பத்தாவுடன் 'வளவு', 'பட்டாலை', 'ஆத்தா', 'அப்பச்சி' எனச் சரளமாக உரையாடியும் பத்தி ஒன்றைப் படிக்கத் தடுமாறும் பிள்ளையும், ஆங்கிலமே புழங்கும் வீட்டிலிருந்து வந்து பாடநூலைப் பிழையறப் படித்தும் பேச நாவெழாத பிள்ளையும் ஒரே மதிப்பெண் பெறக்கூடும். முன்னவருக்கு வேண்டுவது வாசிப்பு; பின்னவருக்குப் பேச்சு. முன்னவரைத் தமிழ் 'பி'யில் சேர்ப்பது, அவருக்கு இருப்பதையே மீண்டும் கொடுத்து, இல்லாததைக் குறைப்பதாகும். வாசிப்புத் துணையுடன் தமிழ்ப் பாடத்தில் நிறுத்துவதே தக்கது என்பது கட்டுரையாளர் துணிபு.

சீன மாணவரிடத்தும் ஒத்த நிலையைக் காணலாம். 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபோது பல வீடுகளில் ஹொக்கியனும் காண்டோனீஸும் வழங்கின. பள்ளியோ மாண்டரினைக் கற்பித்தது. எனினும் இவ்வொப்புமையை நெடிது நீட்டலாகாது. அவை ஒன்றுக்கொன்று எளிதில் விளங்காதவை. செட்டிநாட்டுப் பேச்சுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடைவெளி அத்துணைப் பெரிதன்று. தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005இல் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தமை இவ்விடைவெளியைக் கடக்க உதவுவது. ஆனால் அது பொதுப் பேச்சுத் தமிழ். வட்டார வழக்கைப் பிழையெனத் திருத்தும் பழக்கம் ஆசிரியரிடம் நேருமாயின் மாணவர் வாய் மூடிவிடுவார்.

பாடநிலையை முடிவுசெய்யுமுன் ஓர் எளிய சோதனை போதும். மாணவரைத் தம் ஊர் வீட்டைப் பற்றிப் பேசச் செய்து, பின்னர்த் தமிழ் முரசின் சிறு செய்தியொன்றைப் படித்துத் தம் சொற்களில் கூறச் செய்யலாம். இரண்டிற்கும் உள்ள தொலைவே பாடநிலையைக் காட்டும். அத்தொலைவு குறையாத மாணவர், தம் குடும்பத் திருமணத்தில் எழுதப்படும் இசைகுடிமானத்தை வாசிக்கக் கேட்டு அறிவாரேயன்றித் தாமே வாசித்தறிய இயலாது.