மூளைப் படமும் மனச்சோர்வும்

சென்னையினின்று வடக்கே கும்மிடிப்பூண்டியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் புதுவாயல். பெரியபாளையம் செல்லும் சாலை ஈண்டுப் பிரியும். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்போர் பலர் இப்பகுதி ஊர்களில் குடியிருக்கின்றனர். எம்மிடம் முதுகலை பயிலும் மாணவர் ஒருவர் அவ்வூரினர். அவர்தம் தமையனார் ஆலையொன்றில் இரவும் பகலும் முறை மாற்றி உழைப்பவர். சில திங்களாக உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, யாரொடும் பேசாது இருந்தார். வீட்டார் கடன் வாங்கி அவருக்கு மூளைப் படம் எடுத்தனர். ‘இயல்பாக உள்ளது’ என அறிக்கை வந்தது. ‘படத்திலேயே ஒன்றும் இல்லை, இனி வேலைக்குப் போகலாம்’ என்றார் குடும்பத்துப் பெரியவர் ஒருவர். அவ்வறிக்கையை எம்மிடம் கொணர்ந்த மாணவர், “ஐயா, படத்தில் இல்லாத நோய் உண்டா?” என வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

தமிழ் ஆய்வாளர்க்கு இதில் என்ன வேலை எனச் சிலர் கருதலாம். குழப்பத்தின் ஒரு பகுதி சொல்லினின்றே தோன்றுகிறது என்பது எம் கருத்து. ‘படம்’ என்னுஞ் சொல் சீலையையும், சீலையில் எழுதிய ஓவியத்தையும் குறித்து வந்தது. இன்று நிழற்படத்தையும் குறிக்கும். எதிரே உள்ளதை உள்ளவாறே காட்டுவது படம் என்பது மக்கள் எண்ணம். மூளைப் படம் என்று நாம் ஒரே பெயரிட்டழைப்பனவோ தம்முள் பெரிதும் வேறுபட்ட பல அளவீடுகள். மருத்துவமனைகளில் வழக்கமாக எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவைக் காட்டும். கட்டி, குருதிக்கசிவு, தேய்வு ஆகியன அதிற் புலப்படும். வேதிப்பொருள்களின் நிலையை அது காட்டாது. 1990-இல் செய்ஜி ஒகாவா என்னும் சப்பானிய அறிஞர் வெளியிட்ட முறையை ஒட்டி வளர்ந்த செயல்நிலை எம்.ஆர்.ஐ.யும் குருதியில் உயிர்வளியின் மாற்றத்தையே அளக்கின்றது. நாளிதழ்களில் செந்நிறமும் மஞ்சள் நிறமுமாய் ஒளிரும் மூளைகள் பெரும்பாலும் இவ்வகையின. அந்நிறங்கள் கணிப்பொறி இட்டவை. மூளையில் அந்நிறம் எதுவும் இல்லை.

மனச்சோர்வுக்கும் மூளையின் வேதிப்பொருளுக்கும் தொடர்புண்டு என்னும் கருத்து எவ்வாறு பிறந்தது? அதன் வேர்களுள் ஒன்று நம் நாட்டு மண்ணிலேயே உள்ளது. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் பித்துக்கும் உயர் குருதியழுத்தத்துக்கும் மருந்தாகும் எனக் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போசு ஆகிய இருவரும் 1931-இல் எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் குருதியழுத்த நோயாளிகளிடம் தாம் கண்ட பயனை ஆங்கில மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரினின்று ரெசர்பின் என்னும் பொருள் பிரிக்கப்பட்டது. அஃது மூளையிலுள்ள செரோட்டோனினைக் குறைக்கும் என்பது 1955-இல் விலங்குகளிடம் அறியப்பட்டது. அதனை உண்ட குருதியழுத்த நோயாளிகளுட் சிலர் சோர்வுற்றனர் என்ற செய்திகளும் வந்தன. காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் என்னும் மருந்தோ நோயாளரைக் கிளர்ச்சியுறச் செய்தது. அஃது இவ்வகைப் பொருள்கள் சிதைவதைத் தடுப்பது. குறைத்தால் சோர்வு, காத்தால் கிளர்ச்சி என்னும் இவ்விரண்டும் கூடியபோது ஒரு கொள்கை உருவாயிற்று. 1965-இல் சில்ட்கிராட்டு என்பார் அதனை நாரட்ரினலினை முதன்மையாக வைத்து விரிவாக எழுதினார். செரோட்டோனினை முன்னிறுத்தியோரும் இருந்தனர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அதே 1955-இல், இலண்டனில் டேவீசும் செப்பர்டும் பதற்றமும் சோர்வும் உடையார்க்கு அதே ரெசர்பினைக் கொடுத்து, அது நன்மை செய்வதாகக் கண்டனர். இம்முடிவு பல்லாண்டு மறக்கப்பட்டுக் கிடந்தது. கொள்கைக்குப் பொருந்தும் பாடத்தை மூலமெனக் கொண்டு, பொருந்தாத ஏட்டை ஒதுக்கிய பதிப்பாசிரியர் செயலோடு இஃது ஒக்கும்.

உயிரோடிருப்பவர் மூளையில் இவ்வேதிப்பொருள்களின் நிலையை ஆராயும் வழி பின்னரே கிடைத்தது. பெட் என்னும் முறையில், மூளையின் குறிப்பிட்ட புரதத்தோடு சென்று பற்றும் பொருளொன்றில் கார்பன்-11 போன்ற கதிரியக்க அணுவைப் பொருத்தி, மிகச் சிறு அளவில் குருதியிற் செலுத்துவர். அவ்வணு சிதையும்போது வெளிப்படும் பாசிட்ரான் அருகிலுள்ள எலெக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் அழியும். ஒன்றற்கொன்று எதிர்த்திசையில் இரு கதிர்கள் புறப்படும். தலையைச் சூழ்ந்த வளையத்திலுள்ள கருவிகள் அவற்றை எண்ணும். 1983-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்றி வாக்னர் என்னும் மருத்துவர் தம் மூளையையே இவ்வாறு ஆராயச் செய்து, டோபமின் ஏற்பிகளை அளந்து காட்டினார். கார்பன்-11 இருபது நிமிடத்திற் பாதியாகிவிடும். ஆகவே அதனை ஆக்கும் சைக்ளோட்ரான் பொறி அருகிலேயே இருத்தல் வேண்டும். நம் நகரங்களிற் புற்றுநோய்க்கென எடுக்கும் பெட் படம் பெரும்பாலும் 110 நிமிட அரைவாழ்வுள்ள ஃபுளூரின்-18 கொண்டு சர்க்கரை செலவாவதை அளப்பது, அது வேறு.

இனி, பெட் தரும் எண்ணுக்குப் பொருள் யாது? செரோட்டோனின் ஏற்பி ஒன்றைப் பற்றும் பொருளைச் செலுத்துகின்றோம். ஒருவரிடத்தில் அது குறைவாகப் பற்றுகின்றது எனக் கொள்வோம். ஏற்பிகள் குறைந்திருக்கலாம். ஏற்பிகள் குறையாமலே, அவர்தம் செரோட்டோனின் மிகுந்து இடத்தை முன்னரே பிடித்திருக்கவுங் கூடும். ஒரே எண், எதிரெதிரான இரு பொருள். இரட்டுற மொழிதலைப் புலவர் விரும்பிச் செய்வர். இயற்கை கேளாமலே செய்துவிடுகிறது! இம்மயக்கத்தை நீக்கவே ஆய்வாளர் சூழ்ச்சி பல கண்டனர். அண்மைக் காலத்தில் இலண்டன் ஆய்வாளர் முதலில் ஒருமுறை அளந்து, பின்னர்ச் செரோட்டோனினை வெளிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து மறுமுறை அளந்தனர். சோர்வுற்ற 17 பேரிடத்தில் வெளிப்பாடு, சோர்வற்ற 20 பேரினும் சராசரியிற் குறைந்திருந்தது என்பது அவர்தம் முடிவு. ஆளெண்ணிக்கை சிறிது என்பதை மறத்தலாகாது.

டொராண்டோவில் மேயரும் உடனாய்வாளரும் 2006-இல் வெளியிட்டது மற்றொரு வகை. செரோட்டோனின் முதலியவற்றைச் சிதைக்கும் நொதியொன்று சோர்வுற்றோர் மூளையில் சராசரி 34 விழுக்காடு மிகுந்திருந்தது என்றனர். இம்முடிவுகள் கொள்கைக்குத் துணையாவன. ஆயினும் 2022-இல் மான்கிரீஃபும் பிறரும் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, செரோட்டோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு நிலையான சான்று இல்லை என்றனர். அதனை மறுத்தெழுதினோரும் பலர். வழக்கு முடியவில்லை.

எம்.ஆர்.ஐ. பொறியையே வேறுவகையிற் பயன்படுத்தி வேதிப்பொருளை அளக்கும் நிறமாலை முறையும் உண்டு. ஹைடிரசன் அணு எந்த மூலக்கூற்றில் உள்ளதோ அதற்கேற்ப அதன் ஒலிப்பு சற்றே மாறும். படத்துக்கு மாறாக மேடும் பள்ளமுமான கோடு ஒன்று கிடைக்கும். காபா என்னும் பொருள் சோர்வுற்றோரின் பின்மூளைப் புறணியிற் குறைந்திருப்பதை 1999-இல் சனகோராவும் பிறரும் இவ்வழியிற் கண்டனர். இதிற் கதிரியக்கம் இல்லை என்பது நன்மை. குளூட்டமேட்டும் குளூட்டமினும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பிரித்தறிய அரிதாவது குறை.

இவை அனைத்திலும் ‘சராசரி’ என்னுஞ் சொல்லையே மாணவர் அடிக்கோடிட வேண்டும். சோர்வுற்றார் குழுவின் எண்களும் சோர்வற்றார் குழுவின் எண்களும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்கின்றன. ஒருவர்தம் எண்ணைக் கண்டு ‘இவர்க்கு நோய் உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ கூறுதல் இன்று இயலாது. உறக்கம், பசி, ஆர்வம், குற்றவுணர்வு, சாவெண்ணம் ஆகியவற்றைக் கேட்டும், இரு வாரமேனும் அவை நீடித்தனவா என ஆராய்ந்துமே மருத்துவர் துணிகின்றனர். உள்ளத்து நிகழ்ச்சியைப் புறத்துக் குறிகளால் அறிதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். அழுகைக்கு இழப்பும் வறுமையும் போன்ற நிலைக்களன்களையும் சுட்டினார். அவர் கூறியது செய்யுட்பொருள், நோயறிதல் அன்று. ஆயினும் மருத்துவர் இன்றும் அவ்வழியிலேயே நிற்கின்றார் என்பதை எம் மாணவர் உடனே விளங்கிக்கொண்டார்.

‘படம்’ என்பதற்கு மாற்றாக இவ்வாய்வு முறைகளை ‘மூளை அளவைப் படிமம்’ எனலாம் என்பது எம் முன்மொழிவு. நீளம் சற்று மிகுதிதான். ‘அளவை’ என்பது உள்ளிருப்பின் ‘எதனை அளந்தது?’ என்னும் வினா கேட்போர் உள்ளத்தில் எழும். அவர்தம் அறிக்கையிற் கண்ட ‘இயல்பு’ என்பதற்கும் கட்டியோ கசிவோ இல்லை என்பதே பொருள் என யாம் எழுதிக் கொடுத்தோம். அதனை அவர் வீட்டிற் படித்துக் காட்டினார். மறுவாரம் தமையனாரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றனர். ஆங்கு மருத்துவர் அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினார் என்றும், படத்தைக் கேட்கவேயில்லை என்றும் மாணவர் எம்மிடம் கூறினார்.