மாத்தேரான் மலையும் மோட்டார் வண்டியும்

மும்பையில் வாழும் தமிழன்பர்களுள், இரண்டு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தால் மாத்தேரானை நினையாதவர் குறைவு. சஹ்யாத்ரி மலைத் தொடரில், ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில், காட்டுக்குள் அமைந்த சிற்றூர் அது. ஊருக்குள் மோட்டார் வண்டி செல்லக் கூடாது என்பது அதன் தனிச்சிறப்பு. நோயாளியை ஏற்றிச் செல்லும் அவசர ஊர்தியும், அண்மையில் அனுமதி பெற்ற சில மின்சார ரிக்‌ஷாக்களும் நீங்கலாக, வண்டிகள் யாவும் தஸ்தூரி நாக்கா என்னும் வாயிலோடு நின்றுவிட வேண்டும். அங்கிருந்து கடைத்தெரு இரண்டரைக் கிலோமீட்டர் அளவு இருக்கும். செம்மண் பாதையில் நடக்கலாம், குதிரை ஏறலாம், அருகிலுள்ள அமன் லாட்ஜ் நிலையத்திலிருந்து சிறிய ரயிலிலும் போகலாம்.

2003-ஆம் ஆண்டில் மத்திய அரசு இவ்வட்டாரத்தைச் சூழலியல் கூருணர்வு மண்டலமென அறிவித்தது. இத்தகைய சொற்களை ஆக்கித் தருவதே நம் தொழில். ஆயினும், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டி நிறுத்த இடம் தேடுகின்ற தந்தைக்கு அச்சொற்றொடர் என்ன பயன் தரும் என்று நாம் எண்ணியதுண்டு.

வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டால் நெரிசல் ஒழிந்தது என்று தோன்றும். ஒழிவதில்லை, அது வாயிலுக்கு இடம் மாறுகின்றது. கணக்கு எளியது. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும்; வந்து திரும்பும் வழி தனி. இரண்டு மணி நேரம் தங்கிச் செல்லும் இடமானால், ஒரே நிறுத்தம் பகலில் நான்கைந்து கார்களுக்கு உதவும். மாத்தேரானுக்கு வருவோரோ மாலை வரையில், பலர் மறுநாள் வரையில், தங்குகின்றனர். காலையில் நிறைந்த இடம் அன்று முழுவதும் நிறைந்தபடியே இருக்கும். பத்து மணிக்கு மேல் வருபவர் குறுகிய மலைப்பாதையிலேயே வரிசையில் நிற்க நேரும். திரும்பவும் வழி இராது. ஆகையால் ‘இடமில்லை’ என்னும் செய்தியைச் சொல்ல வேண்டிய இடம் மலைமேல் உள்ள வாயில் அன்று. அடிவாரத்து நேரல் ஊரே ஆகும்.

இமயத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாய்க்குச் செல்லும் சுற்றுலா வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் வரம்பு விதித்தது. பின்னர் அது நாளொன்றுக்குப் பெட்ரோல் வண்டி 800, டீசல் வண்டி 400 என்றாயிற்று. அனுமதிச் சீட்டை மணாலியிலிருந்து புறப்படும் முன்னரே பெற வேண்டும். கோடையில் ஊருக்குச் செல்லும்போது உதகைக்கோ கொடைக்கானலுக்கோ ஏறும் நம்மவர்க்கும், சென்னை உயர் நீதிமன்ற ஆணையின் பேரில் 2024 மே மாதம் தொடங்கிய இ-பாஸ் முறை இந்தச் சங்கதியை ஏற்கெனவே கற்பித்திருக்கும்.

மாத்தேரான் வாயிலில் இன்னொரு தொல்லை, பொய்த் தகவல். நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை விட்டு இறங்கியதும் ஒருவர் ஓடி வந்து, ரயில் இன்று ஓடவில்லை, குதிரைதான் வழி என்றார். மனைவி நம்பிவிட்டாள், நாமும் பாதி நம்பினோம். அரை நாழிகையில் ரயிலின் ஊதல் கேட்டது! இப்படி வருவோரை ஏமாற்றுவதைக் கண்டித்து 2025 மார்ச்சில் ஊராரே கடையடைப்பு நடத்தினர். எல்லாக் குதிரைக்காரரும் பொய்யர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். வாயிலுக்கும் கடைத்தெருவுக்கும் இடைப்பட்ட அந்தத் தூரமே அவர்களுக்குச் சோறு.

கைரிக்‌ஷாக்காரர் நிலை அதனினும் கொடிதாயிருந்தது. ஒருவர் முன்னின்று இழுக்க, மற்றவர் பின்னின்று தள்ள, மேட்டில் ஏற்றிச் சென்றனர். அன்று மாதுங்காவிலிருந்து வந்த ஒரு மூதாட்டி ஏற மறுத்தார். “மனுஷன் இழுக்க நான் உட்கார்றதா? வேண்டாம்ப்பா, மெதுவா நடக்கறேன்” என்றார். “அவர் பிழைப்பே இதுதானேம்மா” என்றார் மகன். முடிவில் அம்மையார் நடந்தார். அவருடைய பை மட்டும் ரிக்‌ஷாவில் சென்றது. கூலி முழுதும் கொடுக்கப்பட்டது. இவ்வழக்கத்தை ஆறு மாதத்திற்குள் நிறுத்தவும், இழுத்து வந்தவர்க்கே மின்ரிக்‌ஷாக்களை வாடகைக்கு அளிக்கும் திட்டம் வகுக்கவும் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ஆணையிட்டது. நம் கருத்தில், வண்டி நிறுத்தக் கட்டணத்தைக் கூட்டுவது பற்றிப் பேசுமுன் பேச வேண்டிய பொருள் இது.

வண்டியே கொண்டுவராதிருப்பது இயலாத காரியமன்று. ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் பொருள் செலவிட்டு அமைத்த இரண்டடி அகல ரயில் பாதை, 1907 முதல் நேரலையும் மாத்தேரானையும் இணைக்கின்றது. நீளம் ஏறக்குறைய 21 கிலோமீட்டர். கர்ஜத் செல்லும் மின்ரயிலில் நேரலில் இறங்கலாம். மலை ரயிலில் இடம் குறைவு. கிடைக்காவிடில் பகிர்வு டாக்ஸியில் தஸ்தூரி சேரலாம். மழைக்காலத்தில் நேரலிலிருந்து மலை ரயில் ஓடாது. அமன் லாட்ஜுக்கும் மாத்தேரானுக்கும் இடையே மட்டும் ஓடும். திரும்பும்போது அந்தச் சீட்டுக்கும் வரிசை உண்டு. ஞாயிறு மாலையில் அவ்வரிசை நிலையத்துக்கு வெளியிலும் நீளும்.