உங்களுக்குத் தெரியுமா? செம்புக் காசும் செம்பு முலாமும்

போருக்குச் செம்பு தேவைப்பட்டதால், 1943இல் அமெரிக்கா ஒரு சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. மிஞ்சிக் கிடந்த சில வெண்கல வில்லைகளிலும் தவறுதலாக அதே ஆண்டு பதிந்துவிட்டது. நாணயச்சாலையிலேயே நேர்ந்த அசல் பிழை இது. விலை லட்சக்கணக்கான டாலர்!

ஆனால் நம் கண்ணில் படுபவை பெரும்பாலும், பின்னாளில் செம்பு முலாம் பூசிய எஃகுக் காசுகளே. காந்தம் காட்டிக்கொடுத்துவிடும்: எஃகு ஒட்டும், வெண்கலம் ஒட்டாது. எடையும் பேசும்: எஃகு சுமார் 2.7 கிராம், வெண்கலம் 3.11.

இரண்டிலும் தேறினாலும் அவசரப்பட வேண்டாம். 1948 காசில் 8இன் இடப்பக்கத்தைச் சுரண்டி 3 ஆக்கும் மோசடியும் உண்டு. அசல் 3இன் வால் மற்ற எண்களுக்குக் கீழே நீண்டிருக்கும். வாங்கும் முன் பூதக்கண்ணாடியில் அதைப் பார்த்துவிடுங்கள்.