மாசி மாதத்து மலை

மாசி பிறந்துவிட்டால், இரவுச் சாப்பாடு முடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய் மலைப் பக்கம் பார்ப்பது போடியில் எங்கள் வீட்டு வழக்கம். இருட்டில் மலை தெரியாது, தீ மட்டும் தெரியும். சரிவில் வளைந்து நெளிந்து சிவப்புக் கோடாகக் கிடக்கும். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்போம். காலையில் கொடியில் காயும் வேட்டியில் புல்லின் கரி ஒட்டியிருக்கும். விரல் நீளம் இருக்கும், நரம்புகூடக் கலைந்திருக்காது. தொட்டால் பொடிந்துவிடும்.

ஏறும் தீதான் பொல்லாதது. சரிவில் தீயின் நாக்கு மேலே இருக்கும் புல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வெக்கையில் புல் முன்கூட்டியே காய்ந்து, தொட்டதும் பற்றிக்கொள்ளும். பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேலேதான் அடிக்கும். ஆளுயரப் புல்லுக்குள் அதை முந்தி ஓட எந்த மனிதனாலும் முடியாது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்துக் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் வந்த இளைஞர்கள், பெரும்பாலோர் பெண்கள். அங்கேயும் ஆஸ்பத்திரிகளிலுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் பிறகு வந்தார்கள். முதலில் ஓடியவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். அதன் பின் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. வந்துபோகிறவர்களுக்கு அது போதும். மலையடிவாரத்திலேயே குடியிருக்கிறவர்களுக்கு?

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீயைக் கண்டு குறுஞ்செய்தி அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில தடவைதான் தலைக்கு மேலே கடக்கும். அது பார்க்கும் ஒரு புள்ளியே தரையில் 375 மீட்டர். இரண்டு கடப்புகளுக்கு இடையே கிளம்பும் தீயை மாடு மேய்க்கிறவரின் கண்தான் முதலில் பார்க்கும். 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பற்றிய தீயின்மேல் விமானப்படை ஹெலிகாப்டர் 16,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் கொட்டியது. அப்படிப்பட்ட உதவி எல்லா மலைக்கும் எல்லா நேரமும் கிடைத்துவிடாது.

கடைசியில் கையில் இருப்பது பச்சைத் தழைதான். அதிலும் பக்குவம் உண்டு. ஓங்கி அடித்தால் பொறி சிதறி முதுகுக்குப் பின்னால் பற்றும். தழையைத் தீயின் ஓரத்தில் அழுத்தி, எரிந்து முடிந்த பக்கமாக இழுக்க வேண்டும். கருகிய தரையை ஒட்டியே நகர வேண்டும், தீக்கு மேற்புறம் ஒருபோதும் நிற்கக் கூடாது.

தீ வைப்பதும் பெரும்பாலும் மனிதக் கைதான். அணையாத பீடி, சமைத்துவிட்டு விட்ட கங்கு, புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்துவது, பட்டா நிலத்தில் வைத்த தீ கைமீறுவது. இதைச் சொல்லி ஊர்க்காரர்களையே குற்றவாளிகளாகப் பார்ப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர், கோடையின் தொடக்கத்திலேயே சருகை மட்டும் மெல்ல எரித்துவந்தார்கள். 'தரகு பெங்கி' என்று அதற்குப் பெயர். 1974-இல் அந்தக் காடு சரணாலயமானது. சருகுத் தீ தடைப்பட்டதும் உண்ணிச்செடி புதர் மண்டியது என்கிறார்கள் அவர்கள். உண்ணிச்செடி பற்றினால் தீ தரையோடு நிற்காது, மரத்தில் ஏறும்.

தீத்தடுப்புக் கோடு போடும் காலம் தை. புல்லில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே பட்டையாகச் செதுக்கி, கூட்டி, ஆள் நின்று எரித்து முடித்துவிட வேண்டும். எந்த ஓடைக்கரையில் புல் முதலில் காயும், எந்தப் பாறை தீயை நிறுத்தும் என்பது அடிவாரத்து ஆட்களுக்குத் தெரியும். தீ பற்றிய பிறகு அவர்களை ஓடிவரச் சொல்லி மைக் கட்டி அழைக்க வேண்டாம். தையிலேயே கூப்பிடுங்கள். கோடு எங்கே போக வேண்டும் என்று அவர்களைக் கேளுங்கள், நாள்கூலியை அன்றைக்கே கொடுங்கள், காலுக்கு நல்ல பூட்ஸும் கொடுங்கள். இன்னும் ரப்பர் செருப்போடுதான் பலர் தீக்கு முன்னால் நிற்கிறார்கள்.