லீவர் நகராது!

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேரன் சென்ற விடுமுறையில் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து சலித்துப்போய் எழுந்தான். "இந்த கோ மொழி எனக்கு ஒத்துவராது தாத்தா. எதை எழுதினாலும் தப்புங்கறது. பைதான்ல இதே கணக்கு உடனே வந்துடும்" என்றான். அவனோடு நானும் கற்றுக்கொண்டிருந்தேன். விடுவேனா?

கணக்கு எளியதுதான். 90 கிலோமீட்டரை 1.5 மணியில் கடந்த வண்டியின் வேகம் என்ன? தூரத்தை 'இன்ட்', அதாவது முழு எண் என்றும், நேரத்தை 'ஃப்ளோட்64', அதாவது தசம எண் என்றும் அறிவித்திருந்தான். இரு வகைகளையும் கலந்து வகுக்க முடியாது என்று கம்பைலர் மறுத்துவிட்டது. தூரத்தையும் ஃப்ளோட்64 ஆக மாற்றியதும் 60 வந்தது.

ரயில்வேயில் பழைய சிக்னல் கேபின்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாயிண்டைச் சரியாக அமைத்துப் பூட்டாமல் சிக்னல் லீவரை இழுத்தால், பயில்வானே இழுத்தாலும் நகராது. புதிதாக வந்தவர்கள் லீவரைத் திட்டுவார்கள். "முதல்ல பாயிண்டைப் பாருப்பா" என்பார் அனுபவசாலி. வண்டி இன்னும் வெளியேதான் நிற்கிறது. தவறு இப்போதே தெரிந்தது நல்லதுதானே? கம்பைலரும் புரோகிராம் ஓடுமுன்பே அப்படித்தான் தடுக்கிறது.

2009-ல் கூகிள் வெளியிட்ட மொழி இது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனுக்கு இதிலும் பங்குண்டு. இலவசமாகவே கிடைக்கிறது. எழுதியதை 'கோ ரன்' என்ற கட்டளையால் ஓட்டிப் பார்க்கலாம். 'கோ பில்ட்' கொடுத்தால் தனியாக ஓடக்கூடிய கோப்பு கிடைக்கும். கண்டிப்பு சற்று அதிகம்தான். ஃபங்ஷனுக்குள் ஒரு மாறியை அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டால்கூட ஒத்துக்கொள்ளாது. எனக்கே எரிச்சல் வந்ததுண்டு.

பத்துப் பிழைகள் வந்தாலும் பயப்பட வேண்டாம். வரி எண்ணைப் பார்த்து முதல் பிழையை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். பல சமயம் மற்றவற்றில் பாதி தானே மறைந்துவிடும்.

ஆனால் வண்டி எந்த ஊருக்குப் போகவேண்டும் என்பது லீவருக்குத் தெரியாது. மறுநாள் பேரன் 7-ஐ 2-ஆல் வகுத்தான். இரண்டும் இன்ட். கம்பைலர் வாயே திறக்கவில்லை. விடை 3 என்று வந்தது.

"மீதி அரை எங்கே தாத்தா?"

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் கோ பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். அவனே கண்டுபிடிக்கட்டும் என்று நான் காபி குடிக்கப் போய்விட்டேன்.