கிணறு சொல்லும் கணக்கு

வாளியைக் கிணற்றில் இறக்கும்போது கயிறு எத்தனை முழம் போகிறதென்று நீங்கள் கவனித்ததுண்டா? நம் பாட்டிமார் கவனித்தார்கள். ஆனால், எழுதி வைக்கவில்லை. மோட்டார் வந்தபின் கிணற்றை எட்டிப் பார்ப்பதையே நாம் விட்டுவிட்டோம்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து பதிகிறது. குமரி மாவட்டத்திற்கு ஆனி, ஆடிச் சாரலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் உண்டு. ஆகவே ஓராண்டுப் பதிவில் மட்டம் இருமுறை ஏறி இறங்குவதைக் காண வாய்ப்புண்டு.

மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் ஒரு மீட்டர் நீர் சேர்ந்ததென்று எண்ணிவிடாதீர்கள். மணலில் நூறு பங்கு இடத்தில் ஏறக்குறைய பதினைந்து பங்கு நீரே நாம் எடுக்கத்தக்கது. சிதைந்த பாறையிலோ இரண்டு, மூன்று பங்குதான். மலையடிவாரக் கிணறு சிறு மழைக்கே துள்ளி ஏறும். கோடையில் அதே வேகத்தில் வற்றும். கரையோர மணற்கிணறு நிதானமானது.

இராஜாக்கமங்கலம் போன்ற கடலோர ஊர்களில் கவலை வேறு. அங்கே மணலுக்கடியில் நன்னீர், கனத்த உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் அறிஞர்கள் கண்ட கணக்கு. மேலே அரை மீட்டர் நிலையாகக் குறைந்தால், காலப்போக்கில் உப்பு இருபது மீட்டர் மேலேறிவிடும்! கிணறு வற்றாது; நீர்தான் கரிக்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் மிகையாக இறைத்ததால் உப்பு பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில், கிணறுகளைத் தூய்மையாக்க அளவு மீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்பும் மேலே வந்தது.

சகோதரிகளே, கைப்பிடிச் சுவரில் ஓர் அடையாளமிடுங்கள். மாதம் ஒருமுறை, சுபுஹுத் தொழுகைக்குப் பின், மோட்டாரைப் போடுமுன், கல் கட்டிய கயிற்றை அந்த அடையாளத்திலிருந்து இறக்கி அளந்து, பிள்ளைகளின் பழைய நோட்டொன்றில் தேதியுடன் எழுதுங்கள். இறைத்த கையோடு அளந்தால் கணக்குப் பிசகும். அருகிலேயே நீரின் சுவையையும் குறியுங்கள். மழை குறையாத ஆண்டிலும் மட்டம் தாழ்ந்துகொண்டே போனால், தெருவில் எத்தனை மோட்டார்கள் ஓடுகின்றன என்று அண்டை வீட்டாருடன் கலந்து பேச அந்த நோட்டு உதவும்.